சிங்கப்பூரில் எங்கே உண்பது?

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

ஒரு நகரத்தை அளப்பதற்கு ஆளுக்கொரு கோல் வைத்திருக்கின்றனர். வானளாவிய கட்டடங்களை எண்ணுவார் சிலர்; சாலைகளின் அகலத்தைப் பார்ப்பார் சிலர்; வங்கிகளின் இருப்பைக் கணக்கிடுவார் சிலர். என் கோல் எளியது. அன்று காலையில்தான் அந்நகரில் வந்திறங்கியவன். அங்கு ஒருவரையும் அறியாதவன். மடியில் மிகுந்த பணமும் இல்லாதவன். அப்படிப்பட்ட வழிப்போக்கன் ஒருவன் நண்பகலில் நல்ல சோறு உண்ண முடிகிறதா? வயிறும் கெடாமல், மானமும் கெடாமல், கையிருப்பும் கரையாமல் உண்ண முடிகிறதா? முடியுமென்றால் அதை நல்ல நகரம் என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தடையில்லை.

இந்தக் கோலால் அளந்தால் தென்கிழக்கு ஆசிய நகரங்களில் சிங்கப்பூருக்கு உயர்ந்த இடம் தர வேண்டும் என்பது என் கருத்து. சென்ற மே விடுமுறையில் பத்து நாள் அங்கே இருந்தேன். கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் நெடுங்காலம் உழைத்து, நிரந்தரவாசம் பெற்று, ஈசூன் என்னும் பகுதியில் குடியிருக்கும் என் சித்தப்பா பயணச்சீட்டு அனுப்பி அழைத்திருந்தார். திரும்பி வந்ததும் நண்பர்கள், "என்ன பார்த்தாய்?" என்று கேட்டனர். "என்ன சாப்பிட்டேன் என்று கேளுங்கள், சொல்கிறேன்" என்றேன். நகைத்தனர். நகைப்பதற்கு ஒன்றுமில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கே உண்பது?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உணவங்காடி நிலையத்தில் உண்ணுங்கள். அந்நாட்டுத் தமிழ் நாளிதழிலும் தமிழ் ஒலிபரப்பிலும் வழங்கும் அழகிய சொல் அது. பெரிய கூரை, சுற்றுச்சுவர் இல்லாத கூடம், வரிசை வரிசையாகச் சிறு கடைகள், ஒவ்வொரு கடையும் நம் வீட்டுச் சமையற்கட்டின் அளவே. நடுவில் எல்லாக் கடைகளுக்கும் பொதுவான மேசைகள். ஒருவர் ஒரு கடையில் மீ வாங்கலாம், அடுத்தவர் இன்னொரு கடையில் பிரியாணி வாங்கலாம், இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து உண்ணலாம். இத்தகைய நிலையங்கள் அச்சிறு தீவில் நூற்றுக்கும் மேல் உள்ளன. 2020ஆம் ஆண்டு திசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் இந்த அங்காடி உணவுப் பண்பாட்டை மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

புதிதாய்ப் போகிறவர் எங்கிருந்து தொடங்கலாம்? நான் உண்ட இடங்களிலிருந்தே சொல்கிறேன்.

சைனாடவுன் அருகில் உள்ள மேக்ஸ்வெல் நிலையத்தில் ஹைனானியக் கோழிச் சோறு உண்ணலாம். பார்வைக்கு அதில் ஒன்றுமே இல்லை. வெள்ளையாய் வெந்த கோழி, வெள்ளையாய்ச் சோறு, பக்கத்தில் ஒரு கிண்ணி மிளகாய்ச் சாந்து. வாயில் வைத்தபின்தான் சோறு பேசுகிறது. கோழியின் கொழுப்பில் இஞ்சியும் பூண்டும் வதக்கி, கோழி வெந்த சாற்றிலேயே அரிசியை வேகவைக்கிறார்கள். சீனத்தின் ஹைனான் தீவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் கொண்டுவந்த முறை இது. கறியைவிடச் சோற்றுக்கே பெருமை தரும் இந்த உணவு, சோறுண்ணும் நாட்டவராகிய நமக்கு எளிதில் பிடித்துப்போகும்.

அங்கிருந்து நடக்கும் தொலைவில் சைனாடவுன் வளாகம் இருக்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட உணவுக் கடைகள் ஒரே தளத்தில். 2016இல் மிச்செலின் வழிகாட்டி நூல் சிங்கப்பூருக்கென முதன்முறையாக வெளிவந்தபோது, இங்கிருந்த ஒரு கோழிச் சோற்றுக் கடைக்கு நட்சத்திரம் கொடுத்தது. மேசை விரிப்பும் வெள்ளிக் கரண்டியும் உள்ள உணவு மாளிகைகளுக்கே அதுவரை பெரும்பாலும் கிடைத்துவந்த சிறப்பு, இரண்டு வெள்ளி அளவில் ஒரு தட்டு விற்ற அங்காடிக்காரருக்குக் கிடைத்தது. 'வெள்ளி' என்றால் அங்குள்ள தமிழர் பேச்சில் டாலர். ஒரு வெள்ளி நம் பணத்தில் ஏறத்தாழ 70 ரூபாய்.

மாலையில் லாவ் பா சாட் போகலாம். 1894இல் எழுந்த எண்கோண வடிவான இரும்புக் கூடம் அது. இருள் சூழ்ந்ததும் பக்கத்துத் தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டு மேசைகளைப் போடுகிறார்கள். கரியடுப்பில் சாத்தே வேகும் புகை நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும். மஞ்சளும் மசாலாவும் தடவிய இறைச்சித் துண்டுகளை மெல்லிய குச்சியில் கோத்து வாட்டி, நிலக்கடலைக் குழம்பில் தோய்த்து உண்பது சாத்தே. மலாய் உணவு வகைகளையே நாடுகிறவர் கேலாங் சிராய் சந்தைக்குச் செல்லலாம்.

தேக்காவை நான் இறுதியாகச் சொல்வது அது நம்மவர் இடம் என்பதனால்தான். சிராங்கூன் சாலைத் தொடக்கத்தில், 1982இல் கட்டப்பட்ட சந்தைக் கட்டடம். கீழே மீனும் காய்கறியும் ஒரு பக்கம், உணவுக் கடைகள் ஒரு பக்கம். தோசையும் பிரியாணியும் புரோட்டாவும் கிடைக்கும். ஆனால் அங்கே போய்த் தோசை தின்றுவிட்டு வருவதில் என்ன சிறப்பு? 'மீ கோரெங்' கேட்டு வாங்குங்கள். மீ சீனர் தந்தது. பெயர் மலாய் மொழி தந்தது. மிளகாயும் தக்காளியும் இட்டு அதைச் சிவக்கப் புரட்டிய கை தமிழ் முஸ்லிமின் கை. மூன்று இனத்தாரும் ஒரு வாணலியில் கூடிய வரலாறு அந்தத் தட்டில் இருக்கிறது. மீன்தலைக் கறியும் இவ்வாறு பிறந்ததே. கேரளத்திலிருந்து சென்ற கோமஸ் என்பவர், சீனர்கள் மீன்தலையை விரும்பி உண்பதைக் கண்டு, 1949 அளவில் அதை நம் பக்கத்துப் புளிக்குழம்பில் இட்டார் என்பர். இன்று அதைத் தம் நாட்டு உணவென்று சிங்கப்பூரார் எல்லோரும் உரிமை கொண்டாடுகின்றனர். மரக்கறி உண்போரும் கவலைப்பட வேண்டா. அதே சிராங்கூன் சாலையில் 1947இல் தொடங்கிய கோமள விலாஸ் முதலிய சைவ உணவகங்கள் உண்டு. உணவங்காடிகளிலும் பௌத்தர்களுக்கான மரக்கறிக் கடை பெரும்பாலும் ஒன்றாவது இருக்கும்.

எப்படி உண்பது?

இடம் தெரிந்தால் மட்டும் போதாது. முறையும் தெரிய வேண்டும். முதலில் மேசை, பிறகே உணவு. காலியான மேசைமேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால், யாரோ மறந்து போனார்கள் என்று எண்ணி அமர்ந்துவிடாதீர்கள். பேருந்து சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கும் நம் வித்தையை அவர்கள் காகிதத்தில் செய்திருக்கிறார்கள்!

கோப்பி வாங்குவதற்குத் தனி மொழி உண்டு. வெறும் 'கோப்பி' என்றால் இனிப்பான கெட்டிப்பாலோடு வரும். 'கோப்பி ஓ' என்றால் பாலில்லாமல் சர்க்கரையோடு வரும். சர்க்கரையும் வேண்டாவெனில் 'கோசோங்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 'தே தாரிக்' என்றால் இழுத்த தேநீர். நம்மூர்த் தேநீர்க் கடையில் உயரத் தூக்கி ஆற்றுகிறார்களே, அதுதான்.

அலுவலகங்கள் சூழ்ந்த நிலையங்களில் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை மணி வரை கூட்டம் நெரியும். பதினொரு மணிக்கே போய்விடுவது நல்லது. பல கடைகள் வாரத்தில் ஒரு நாளேனும் மூடியிருக்கும்; நிலையம் முழுவதையும் கழுவித் துப்புரவு செய்வதற்காகவும் சில நாள் மூடுவார்கள். உண்டு முடித்ததும் தட்டை அதற்குரிய இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் அங்கே அது சட்டம். ஹலால் தட்டுகளுக்கு வேறு அடுக்கு, மற்றவற்றுக்கு வேறு அடுக்கு. ஒரே கூரையின்கீழ் உண்டாலும் ஒருவர் நம்பிக்கையை ஒருவர் மதிக்கும் வழி அது.

விலைப்பலகை இல்லாத பண்டத்தை விலை கேட்காமல் சொல்லிவிட வேண்டா. நண்டு, இறால் போன்றவற்றை எடைக்கு விற்பார்கள். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ஓரிடத்தில் சித்தப்பாவிடமே இறாலுக்குச் சொன்னதைவிடக் கூடுதலாகக் கேட்டனர். அவர் மலாய் மொழியில் நான்கு வார்த்தை பேசியதும் விலை தானே இறங்கியது. நமக்கு அந்த நான்கு வார்த்தை தெரியாதல்லவா? ஆகவே உள்ளூர் மக்கள் நிற்கும் வரிசையில் நில்லுங்கள். வரிசை நீண்ட கடையில் பண்டம் ஆறிக் கிடப்பதில்லை. அடுப்பிலிருந்து தட்டுக்கும் தட்டிலிருந்து வாய்க்கும் நேரே வருவது சுவைக்கும் நல்லது, உடலுக்கும் நல்லது.

ஏன் அது நன்றாயிருக்கிறது?

இனித்தான் என் கருத்தின் மையத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரில் எளியவர் உணவு இவ்வளவு நன்றாக இருப்பதற்கு அங்குள்ள சமையற்காரர்களின் கைப்பக்குவம் மட்டும் காரணமா? அன்று என்றே சொல்வேன். கைப்பக்குவம் உலகெங்கும் ஏழைகளிடம் உண்டு. அங்கே அந்தக் கைக்கு எட்டுமிடத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் காலடியில் ஒரு கழிவுநீர் வாய்க்காலும் கொடுத்திருக்கிறார்கள். வேறுபாடு அதுதான்.

அந்நகரமும் ஒரு காலத்தில் இப்படி இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேலையற்றோர் பலர் தெருவில் சமைத்து விற்கத் தொடங்கினர். காவடி போல இருபுறமும் கூடை தொங்கும் தடி. ஒரு கூடையில் அடுப்பு, மறு கூடையில் பண்டம். பாத்திரம் கழுவுவதற்கு ஒரு வாளி நீர். கழுவிய நீரும் எச்சிலும் சாக்கடைக்கு, அங்கிருந்து ஆற்றுக்கு. இந்தச் சிக்கலை ஆராய ஆங்கிலேயர் ஆட்சியிலேயே ஒரு குழு அமைத்தார்கள். அதன் அறிக்கை 1950இல் வந்தது. விடுதலைக்குப் பின் 1968–69இல் தீவெங்கும் தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தார்கள். 1971இலிருந்து 1986 வரை நிலையங்களைக் கட்டி, ஏறத்தாழ 18,000 தெரு வியாபாரிகளைப் படிப்படியாக அவற்றினுள் அமர்த்தினார்கள். 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்த சிங்கப்பூர் ஆற்றுத் தூய்மைப் பணியும் இதனோடு சேர்ந்தே நடந்தது. 1997இலிருந்து கடைகளின் துப்புரவுக்கு ஏ, பி, சி, டி என்று தரமிட்டு, அதைக் கடை முகப்பிலேயே மாட்ட வைத்தார்கள்.

விலங்கியல் படிப்பவன் என்ற முறையில் வாளியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். குடற்காய்ச்சலும் வாந்திபேதியும் தரும் கிருமிகள் கொதிக்கும் குழம்பில் பிழைப்பதில்லை. ஆனால் நூறு தட்டுகளை முக்கியெடுத்த வாளித் தண்ணீரில் அவை சுகமாக வாழும். நூற்றோராவது தட்டில் விழும் சூடான சோறு அந்தத் தட்டைத் தூய்மை செய்துவிடாது. ஆகவே தெருவுணவால் வரும் நோய்க்குப் பல வேளைகளில் குற்றவாளி சமைத்தவர் அல்லர். அவருக்கு ஓடும் நீர் கிடைக்காமைதான்.

இதைப் புத்தகத்தில் மட்டும் படித்தவன் அல்லன் நான். என் தாயார் எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தருகே பதினான்கு ஆண்டுகளாக இட்லிக்கடை நடத்துகிறார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக நான் ஆகப்போவது அந்த அடுப்பின் தயவால்தான். நாள்தோறும் விடியுமுன் தெருக்குழாயிலிருந்து எட்டுக் குடம் நீர் கொண்டுவருவோம். மாவுக்கும் சட்னிக்கும் குடிக்கவும் கைகழுவவும் தட்டுக் கழுவவும் அந்த எட்டுக் குடம்தான். ஒன்பது மணிக்கு எட்டாவது குடத்தின் அடிமட்டத்தைத் தாயார் எட்டிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். அவருடைய கைச்சுத்தத்தில் குறையில்லை. குடங்களின் எண்ணிக்கையில்தான் குறை. சாலையை அகலப்படுத்திய மூன்று முறையும் "கடையை எடு" என்று சொல்ல ஆள் வந்தது. "இங்கே போடு" என்று ஓரிடம் காட்ட ஒருமுறையும் ஆள் வரவில்லை.

ஆகவேதான் ஈசூனில் ஒரு மீக்கடையின் உள்பக்கம் எட்டிப் பார்த்தபோது என் கண்ணில் முதலில் பட்டது குழாய். அங்காடிக்காரர் பேச்சின் நடுவே திரும்பிக்கூடப் பாராமல் கையை நீட்டித் திறந்தார். நீர் கொட்டியது. மூடினார். அவருக்கு அது ஒன்றுமே இல்லை.

மாறுபடுவோர்க்கு விடை

"சிங்கப்பூர் தெருவின் உயிரைப் பறித்துக் கூரைக்குள் அடைத்துவிட்டது, உண்மையான தெருவுணவு வேண்டுமானால் பாங்காக்குக்குப் போ, பினாங்குக்குப் போ" என்பாரும் உளர். பாங்காக்கின் நடைபாதைகளும் பினாங்கின் நாசி கண்டார் கடைகளும் சுவையில் குறைந்தவை என்று நான் சொல்லவில்லை. நாசி கண்டாரும் தமிழ் முஸ்லிம்கள் தோளில் தடி சுமந்து விற்றுப் புகழ் சேர்த்ததுதான். ஆனால் தெருவின் அழகைப் பாடுகிறவர் யார்? பெரும்பாலும் ஒருவேளை உண்டுவிட்டு விடுதிக்குத் திரும்பும் பயணி. மழையில் அடுப்பு அணைவதும், வெயிலில் தலை வேவதும், அதிகாரியின் வண்டி வருகிறதா என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டே தோசை வார்ப்பதும் அவருக்கில்லை. பாங்காக்கில் 2014க்குப் பின் பல நடைபாதைகளிலிருந்து கடைகளை அகற்றினார்களே, அப்போது அந்தத் தெருவின் அழகு அக்கடைக்காரர்களைக் காப்பாற்றியதா?

அதற்காகச் சிங்கப்பூரில் எல்லாம் இனிதே நடந்தது என்று முழங்கவும் நான் தயாரில்லை. உரிமம் இல்லாமல் தெருவில் விற்றோரை அதிகாரிகள் விரட்டிப் பிடித்த காலமும் அங்கே இருந்தது. ஆனால் விரட்டியதோடு நிற்காமல் இடமும் கட்டிக் கொடுத்தார்கள், முதலில் வந்தவர்களுக்கு வாடகையில் மானியமும் கொடுத்தார்கள். நம் நாட்டிலும் தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காக்க 2014இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. தாளில் உள்ள அச்சட்டம் தெருமுனைக் குழாய்வரை வந்துசேர வேண்டும்.

இரண்டு குறைகள்

அந்த நிலையங்களைப் புகழ்கிறவன் அங்கே கண்ட இரண்டு குறைகளையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, அங்கே அடுப்படியில் நிற்பவர்களுக்கு வயதாகிவிட்டது. அங்காடிக்காரர்களின் நடுவயது அறுபதை ஒட்டியிருக்கிறது. ஈசூனில் மீன் உருண்டை மீ விற்கும் சீனப் பெரியவர் விடியற்காலை நான்கு மணிக்குக் கடைக்கு வருகிறார். "உங்களுக்குப் பின் யார்?" என்று என் சார்பில் சித்தப்பா கேட்டார். பெரியவர் சிரித்துக் கையை விரித்தார். மகன் பொறியாளராம். "அவனைப் படிக்க வைத்தது இதற்கா?" என்றாராம். சித்தப்பா மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. கல்லூரி விடுமுறையில் கடையில் கரண்டியைப் பிடித்தால் என் தாயார் சொல்வதும் அதே சொற்கள்தான்.

உலகமே பாராட்டும் உணவை ஆக்குகிறவர், தம் பிள்ளை அதை ஆக்கக் கூடாது என்று நினைக்கிறார். ஏன்? வேலை இழிவு என்பதனாலா? அன்று. உழைப்புக்கேற்ற வருவாய் இல்லை என்பதனால். உணவங்காடி என்றால் மலிவாக இருந்தே ஆக வேண்டும் என்று எல்லோரும் எண்ணுகின்றனர். அரிசி விலை ஏறலாம், எண்ணெய் விலை ஏறலாம், புதிதாக வருகிறவர் ஏலத்தில் எடுக்கும் கடையின் வாடகை ஏறலாம். தட்டின் விலை மட்டும் ஏறக் கூடாது! குளிரூட்டிய அங்காடி மாளிகையில் இருமடங்கு கொடுத்து வாய்மூடி உண்கிறவர், இங்கே அரை வெள்ளி ஏறினால் அநியாயம் என்கிறார். மலிவு என்பது யாரோ ஒருவர் முதுகின்மேல் நிற்கிறது என்பதை உண்பவர் மறக்கலாகாது.

இரண்டாவது குறை நம்மவரைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் எங்கள் ஊர் அண்ணன் ஒருவரைச் சந்தித்தேன். கட்டுமானத் தொழிலாளி, தொழிலாளர் விடுதியில் தங்குகிறார். சூடான பிரியாணி வாங்கித் தந்து, தாமும் வாங்கி, ஆவி பறக்க உண்டார். "தம்பி, வாரத்துல இந்த ஒருவேளைதான் சோறு சுடும்" என்றார். மற்ற ஆறு நாளும் ஒப்பந்தக்காரர் தரும் பொட்டலச் சோறு. இரவில் ஆக்கி, விடியுமுன் விடுதிக்கு வந்து, வேலையிடத்தில் வெயிலில் கிடந்து, நண்பகலில் பிரிக்கப்படுவது. "சில நாள் கொழம்பு நுரைச்சிருக்கும். தூரப் போட்டுட்டுத் தண்ணியக் குடிச்சிட்டு வேலை பார்ப்போம்" என்றார், யாரையும் நோகாத குரலில்.

சமைத்த உணவைச் சாதாரண வெப்பத்தில் வைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும் என்று அந்நாட்டு உணவுத் துறையே அறிவுறுத்துகிறது. சோற்றில் வளரும் பாசில்லஸ் என்னும் நுண்ணுயிர் வகையொன்று கொதிநீரிலும் சாகாத வித்துகளை உடையது. ஆறிய சோற்றில் அது பெருகி விடும் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. இவ்வளவும் தெரிந்த நகரம் அது. தெருவில் சமைத்த 18,000 பேருக்குக் குழாய் கொடுத்த நகரம் அது. அந்த நிலையங்களையும் வீடுகளையும் கட்டி உயர்த்துகிற கைகளுக்கு நண்பகலில் ஒரு சூடான தட்டு கொடுக்க வழி காண முடியாதா? முடியும் என்பதே என் எண்ணம். முடியாதென்று சொல்லும் உரிமையை அந்நகரம் 1986இலேயே இழந்துவிட்டது.

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் கல்லூரியிலிருந்து வேலைக்காகவோ உறவினரைக் காணவோ சிங்கப்பூர் செல்வோர் ஆண்டுதோறும் சிலரேனும் இருப்பர். அவர்களுக்குச் சொல்கிறேன். நட்சத்திர விடுதியின் உணவுக்கூடத்தைப் பிறருக்கு விட்டுவிடுங்கள். உணவங்காடிக்குச் செல்லுங்கள். மூன்று இனத்தார் கைப்பக்குவத்தையும் சுவையுங்கள். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். தட்டை நீங்களே எடுத்து வையுங்கள். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை தனியே அமர்ந்திருக்கும் நம்மூர்த் தொழிலாளியைக் கண்டால் அதே மேசையில் அமர்ந்து, "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

போக வாய்ப்பில்லாதவர்கள் அதற்காக வருந்த வேண்டா. நம் கல்லூரி வாயிலுக்கு எதிரே நான்கு தள்ளுவண்டிகள் நிற்கின்றன. நண்பகலில் நம்மில் பாதிப்பேர் உண்பது அங்கேதான். அவ்வண்டிக்காரர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நாம் இதுவரை கேட்டதில்லை. நம் வளாகச் சுவரின் உள்பக்கம், வண்டிகளிலிருந்து இருபதடி தூரத்தில், ஒரு குழாய் இருக்கிறது. அதைச் சுவரின் வெளிப்பக்கத்துக்கு நீட்டிக் கொடுக்கும்படி மாணவர் மன்றத்தின் வழியே நாம் விண்ணப்பம் எழுதலாம். எழுத நான் அணியமாயிருக்கிறேன். கையொப்பமிட நீங்கள் வாருங்கள்.